மோஹோ: காலுக்கடியில் 40 கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியின் மேலோடு முடிந்து மேன்டில் தொடங்கும் எல்லையை நிலநடுக்க அலைகளை வைத்துப் படம் எடுக்கும் வேலையில் சில வருடம் கள உதவியாளனாக இருந்தேன். கருவி வைத்த ஊர்களின் டீக்கடைகளில், கல்யாணப் பந்தியில், கல்லூரிப் பிள்ளைகள் அனுப்பும் மெசேஜில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மோஹோன்னா என்னங்க? பேரே ஒரு மாதிரியா இருக்கே.

மொஹொரோவிச்சிச் என்ற ஒரு மனிதரின் பெயரை வாய்க்கு வசதியாகச் சுருக்கியது. மேலோடு முடிந்து மேன்டில் (பள்ளிப் புத்தகத்தில் 'கவசம்' என்று படித்திருப்பீர்கள்) தொடங்கும் எல்லை. கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 40 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. கடலில் என்றால் கடல் தரையிலிருந்து 6, 7 கி.மீ. போனாலே வந்துவிடும்.

ஆனால் இதன் வரையறையைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பின்னால் வரும் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. 'பாறை மாறும் இடம்' என்று மோஹோவை யாரும் வரையறுக்கவில்லை. நிலநடுக்கத்தின் பி அலை, அதாவது முதலில் வந்து சேரும் அலை, நொடிக்கு 6.5, 7 கி.மீ. என்று போய்க்கொண்டிருந்தது 8 கி.மீ. பக்கம் தாவுகிறதே, அந்த இடம்தான் மோஹோ. வேகம் மாறுவது அளந்து தெரிந்துகொண்டது, பாறை மாறுவது அதிலிருந்து ஊகித்தது.

இதை யாரு கண்டுபிடிச்சா? அந்தக் காலத்துல எப்படி முடிஞ்சுது?

குரோவேஷியாவைச் சேர்ந்த அந்திரியா மொஹொரோவிச்சிச். ஜாக்ரெப் நகரத்தில் வானிலை ஆய்வகத்தை நடத்தியவர், மேகம் பார்த்துக்கொண்டிருந்து பிறகு நிலநடுக்கம் பக்கம் திரும்பியவர். 1909 அக்டோபர் 8 அன்று ஜாக்ரெபுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளி, குபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலம் நடுங்கியது. ஐரோப்பாவின் பல நிலையங்களிலிருந்து பதிவுகளைத் திரட்டினார். புகைக்கரி படிந்த தாளில் ஊசி கீறிய கோடுகள் அவை. ஒரு பக்கம் தூரம், ஒரு பக்கம் நேரம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார்.

சில நூறு கிலோமீட்டர் தூரத்து நிலையங்களில் ஒரே நிலநடுக்கத்தின் பி அலை இரண்டு தடவை வந்திருந்தது. கிட்டத்து நிலையங்களில் மெதுவான அலை முந்தியது, தூரத்து நிலையங்களில் வேகமான அலை முந்தியது. கீழே ஓரிடத்தில் வேகம் சட்டென்று கூடினால்தான் இப்படி நடக்கும். அந்த இடம் 54 கி.மீ. ஆழம் என்று 1910இல் வெளியிட்டார். இன்றைய அளவு அதைவிடக் குறைவு, ஆனால் கைக்கணக்கில் அவ்வளவு பக்கத்தில் போனதே பெரிய விஷயம்.

சுத்திக்கிட்டு வர்ற அலை எப்படி முதல்ல வரும்? கணக்கே உதைக்குதே.

ஊருக்குள் போகும் ரோடும் பைபாஸும் மாதிரி. பக்கத்துத் தெருவுக்குப் போக பைபாஸ் ஏறினால் நஷ்டம், அடுத்த ஜில்லாவுக்குப் போவதென்றால் சுற்றி ஏறினாலும் பைபாஸ்தான் லாபம். மேலோட்டில் வேகம் நொடிக்கு 6.4 கி.மீ., மேன்டிலில் 8.1, மோஹோ 36 கி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோஹோ வரை இறங்கி மறுபடி ஏறுவதற்கு ஆகும் கூடுதல் நேரம் இந்தக் கணக்கில் சுமார் 6.9 நொடி வரும்.

100 கி.மீ. தூரத்தில் உள்ள நிலையத்துக்கு நேர் அலை 15.6 நொடியில் வந்துவிடும், கீழே போய் வருவதற்கு 12.3 கூட்டல் 6.9, அதாவது 19 நொடிக்கு மேல் ஆகும். 300 கி.மீ. நிலையத்தில் கதை மாறுகிறது. நேர் அலைக்கு 46.9 நொடி, கீழ் வழிக்கு 43.9. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் தூரம் ஏறக்குறைய 210 கி.மீ. அந்த முந்தும் தூரத்தைத் தெரிந்துகொண்டால் போதும், கணக்கைத் திருப்பிப் போட்டு 36 கி.மீ. ஆழத்தை எடுத்துவிடலாம். பிளஸ் டூ கணிதம் தெரிந்தவர் ஒரு மதியத்தில் போட்டுப் பார்க்கலாம், போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

மேன்டில்னா கொதிக்கிற குழம்புதானே? அப்புறம் அலை எப்படி அதுக்குள்ள போகுது?

குழம்பு இல்லை, கெட்டியான பாறை. பி அலைக்கு அடுத்து வரும் எஸ் அலை பக்கவாட்டில் அசைக்கும் அலை, அது திரவத்துக்குள் போகாது. மேன்டில் முழுக்க அது போகிறது. கோடிக்கணக்கான வருடக் கணக்கில் பார்த்தால் அந்தப் பாறை மெல்ல நகர்கிறது என்பது வேறு விஷயம். எரிமலைக் குழம்பு சில இடங்களில், சில நிலைமைகளில், மிகச் சிறிய விகிதத்தில் உருகி உண்டாவது. மோஹோவுக்குக் கீழே நெருப்புக் கடல் ஒன்று கிடப்பது போன்ற பாடப்புத்தக வண்ணப் படங்களை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, 'தட்டு' என்பதும் 'மேலோடு' என்பதும் ஒன்றல்ல. நகரும் தட்டில் மேலோடும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மேல் மேன்டிலும் சேர்ந்தே இருக்கின்றன. தட்டின் அடி மோஹோவுக்கு வெகு கீழே.

தோண்டிப் பாத்துட்டா தீர்ந்துபோச்சு. அதுக்கு ஏன் இவ்வளவு சுத்து?

தோண்டிப் பார்த்தார்கள். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் சோவியத் காலத்தில் போட்ட துளை 1989இல் 12,262 மீட்டர் வரை போனது. அடியில் 180 டிகிரி வெப்பம், அதற்கு மேல் போக முடியவில்லை. அங்கே மோஹோ 40 கி.மீ. பக்கம். மூன்றில் ஒரு பங்கு தூரம்கூட வரவில்லை.

கடலில் மேலோடு மெல்லிசு என்பதால் அமெரிக்கர்கள் அங்கே முயன்றார்கள். 'மோஹோல் திட்டம்' என்று பெயர். 1961இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவை ஒட்டி, மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கடலில் கப்பலை நிறுத்தி, கடல் தரைக்குள் 183 மீட்டர் துளைத்தார்கள். செலவு ஏறிக்கொண்டே போக 1966இல் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. 2023இல் அட்லாண்டிக் நடுமுகட்டில் ஒரு கப்பல் 1,268 மீட்டர் மேன்டில் பாறையைத் துளைத்தது, ஆனால் அங்கே பெரும் பிளவு ஒன்று மேலோட்டை உரித்து மேன்டிலை ஏற்கெனவே கடல் தரைக்குக் கொண்டுவந்துவிட்டது. மோஹோவைக் குறுக்கே தாண்டிய துளை இன்றுவரை ஒன்றுகூட இல்லை. 11 கி.மீ. வரை துளைக்கும்படி கட்டிய மெங்ஷியாங் என்ற கப்பலைச் சீனா 2024 நவம்பரில் பணியில் இறக்கியிருக்கிறது, பார்க்கலாம்.

'படம் எடுக்கிறது'ன்னா ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரியா?

யோசனை அதேதான், அலையை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்பது. மூன்று வழி உண்டு. முதலாவது, மொஹொரோவிச்சிச் செய்தது. அலை மோஹோவை ஒட்டிக் கிடையாக ஓடி மேலே வரும் நேரத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு அளப்பது. வேகத்தைச் சொல்வதில் இதற்கு ஈடு கிடையாது. இரண்டாவது எதிரொலி, நேரே கீழே அனுப்பி நேரே மேலே வாங்குவது. மேலே போட்ட கணக்கின் மேலோடே என்றால் 36 கி.மீ. இறங்கி ஏற 11 நொடிக்குச் சற்று மேல் ஆகும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டுக்கு ரொம்ப நெருக்கமானது இதுதான், கிடைக்கும் படமும் கண்ணுக்குப் படமாகவே தெரியும்.

மூன்றாவதில் நாம் எந்த அலையையும் அனுப்புவதில்லை, உலகத்தின் மறுபக்கத்தில் நடக்கும் நிலநடுக்கத்துக்காகக் காத்திருப்போம். நான் இருந்தது அந்த வேலையில். தனிக் கேள்வியாகவே கீழே வருகிறது.

வெடி வைப்பீங்களாமே? எங்க வயலுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?

எதிரொலி முறைக்கு ஓசை தேவைதான். ஆழமாகக் குழி போட்டு வெடிமருந்து வைப்பது ஒரு வகை. இன்னொன்று வைப்ரோசைஸ் லாரி. வயிற்றுக்கடியில் ஒரு இரும்புத் தட்டு இருக்கும், லாரியே அதன்மேல் எழும்பி நின்று நிலத்தை உதறும், மெதுவான உதறலில் தொடங்கிப் பல நொடிகளில் வேகமான உதறலுக்குப் போகும். அமெரிக்காவில் 1975இல் கார்னெல் பல்கலைக்கழகம் முன்நின்று டெக்சாசில் தொடங்கிய கோகார்ப் திட்டம் இந்த லாரிகளை வைத்துத்தான் மோஹோவரை எதிரொலி கேட்டது. பிறகு பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், கனடா எல்லாம் இறங்கின. கடலில் கப்பலுக்குப் பின்னால் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துக்கொண்டு போவார்கள். சோவியத் நாடு இதற்கு நிலத்தடி அணுவெடிப்புகளையே பயன்படுத்தியது, அந்த அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போயின. இன்று யாரும் அதைச் செய்யத் துணிய மாட்டார்கள், துணியவும் கூடாது.

டெல்டாக்காரர்கள் இதைக் கேட்கும்போது அவர்கள் மனதில் இருப்பது எண்ணெய்த் தேடல். நியாயமான கேள்வி. முறை ஒன்றுதான், தேடுவது வேறு. எண்ணெய்க்காரர்கள் பெரும்பாலும் ஐந்தாறு நொடி எதிரொலியோடு பதிவை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் அதற்குக் கீழே அவர்களுக்கு வேலை இல்லை. மோஹோ ஆட்கள் 15, 20 நொடிவரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். யார் வந்தாலும் எந்த வேலைக்கு, எவ்வளவு மருந்து, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒரு பெட்டியப் புதைச்சுட்டுப் போயிடுறீங்க. அது என்னதான் பண்ணுது?

அதுதான் மூன்றாவது முறை. 'ரிசீவர் ஃபங்ஷன்' என்பார்கள். 1970களின் கடைசியில் உருவானது. 3,000 முதல் 10,000 கி.மீ. தள்ளி, ஜப்பானிலோ இந்தோனேசியாவிலோ, நல்ல பெரிய நிலநடுக்கம் ஒன்று வருகிறது. அதன் பி அலை நம் ஊருக்கு அடியில் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி வரும். மோஹோவைக் கடக்கும்போது அதன் ஒரு சிறு பங்கு எஸ் அலையாக உருமாறும். எஸ் மெதுவானது. ஒரே பயணத்தில் வந்த இரண்டு பேரில் ஒருவர் கடைசி 40 கி.மீ. மட்டும் சைக்கிளில் வந்தால் எப்படி, அப்படிக் கொஞ்சம் பின்தங்கும். மோஹோ 34 கி.மீ. என்றால் சுமார் 4 நொடி, 42 கி.மீ. என்றால் சுமார் 5 நொடி. அந்த 4, 5 நொடி இடைவெளியைப் பிரித்தெடுப்பதுதான் வேலை முழுக்க.

பெட்டி வைப்பது சொல்ல எளிது. ஒரு மீட்டர் குழி, அடியில் சிமென்ட், மேலே ஒரு கருங்கல் பலகை. கருவியை அதன்மேல் வைத்து, நீர்க்குமிழி நடுவில் நிற்கும்வரை மூன்று கால்களையும் திருகி, வடக்கைப் பார்த்துத் திருப்பி, தெர்மோகோல் போட்டு மூடி, மணலால் நிரப்பவேண்டும். வெளியே ஒரு சோலார் பலகை, நேரத்துக்கு ஒரு ஜிபிஎஸ். பெரும்பாலும் பள்ளிக்கூட வளாகத்தில் வைப்போம், பூட்டும் காவலாளியும் இருப்பார்கள் என்பதால். ஒரு ஊரில் காவலாளி ஐயா ஆறு மாதம் என்னைப் போர் போட வந்தவன் என்றே நினைத்திருந்தார், "தண்ணி எத்தனை அடியில தம்பி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். எலி ஒயரைக் கடிக்கும், ஆட்டைக் கொண்டுவந்து சோலார் கம்பத்தில் கட்டுவார்கள், மரத்தடியில் வைத்தால் காற்றடிக்கும் நாளெல்லாம் வேர் அசைந்து பதிவு பாழ்.

எங்க ஊர்ல நிலநடுக்கமே வராதே, வெச்சு என்ன பிரயோஜனம்?

மேலே சொன்னதைப் பாருங்கள், உங்கள் ஊரில் வரவேண்டியதே இல்லை. சொல்லப்போனால் உள்ளூர் அமைதியாக இருந்தால்தான் எங்களுக்கு நல்லது.

நிலநடுக்கமே இல்லாமலும் வேலை நடக்கும். கடல் அலைகள் தரையை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கின்றன. சில நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெல்லிய நடுக்கம் எந்த நிலையத்திலும் தெரியும். வங்கக்கடலில் புயல் என்றால் அது பெருக்கும். முன்பு அதை இரைச்சல் என்று தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு நிலையங்களின் பல மாத இரைச்சலை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்கு அலை போக எவ்வளவு நேரம் என்பது அதிலிருந்து எழுந்து வருகிறது. 2005இல் கலிபோர்னியாவில் இப்படியே மேலோட்டைப் படமெடுத்துக் காட்டினார்கள். மோஹோ எங்கே என்று கூர்மையாகச் சொல்ல இது போதாது, ஆனால் மேலோட்டின் வேகத்தைச் சொல்லும். அந்த வேகம் எவ்வளவு முக்கியம் என்பது பிழை பற்றிய கேள்வியில் வரும்.

ஒரே ஒரு கருவி போதுமா, நூறு வேணுமா?

ஒன்று இருந்தால் அதன் காலடியில் உள்ள ஆழம் கிடைக்கும். செவ்வாயில் அப்படித்தான் நடந்தது. 2018 நவம்பரில் இறங்கிய இன்சைட் கலம் ஒரே ஒரு கருவியை வைத்து அங்கே இதே ரிசீவர் ஃபங்ஷனைப் போட்டது. 2021இல் வந்த விடை, மேலோடு சுமார் 20 கி.மீ. அல்லது சுமார் 39 கி.மீ., இரண்டில் ஒன்று. எதிரொலித்த அடுக்குகளில் எது மேலோட்டின் அடி என்று ஒரு கருவியால் தீர்க்க முடியாத சிக்கல். இருநூறு மில்லியன் கிலோமீட்டர் தள்ளி எலிக்கடி இல்லாமல் வேலை பார்ப்பவர்களுக்கும் நம் சங்கடமே என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நூறு இருந்தால் நிலப்பரப்பே தெரியும். அமெரிக்கா 2004 முதல் சுமார் 400 நிலையங்களை 70 கி.மீ. இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றையும் ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடவிட்டு, பிடுங்கிக் கிழக்கே நட்டு, மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை நாட்டையே நாற்று நட்ட மாதிரி கடந்தது. அப்புறம் அலாஸ்கா.

தமிழ்நாட்டுக்கு அடியில எவ்வளவு ஆழம்?

பொதுவாக 35 முதல் 45 கி.மீ.க்குள். இந்தியாவில் இந்த வேலை 1972இல் தொடங்கியது, ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வகம் சோவியத் உதவியோடு ஆந்திரக் கரையின் காவலியிலிருந்து கர்நாடகக் கரையின் உடுப்பிவரை தீபகற்பத்தின் குறுக்கே வெடி வைத்துக் கேட்டது. அதற்குப் பிறகு வந்த ரிசீவர் ஃபங்ஷன் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், கர்நாடகம், ஆந்திரம் பக்கம் பரவிய தார்வார் என்ற பழம்பாறைப் பகுதியின் கிழக்கில் 35 பக்கம், மேற்குத் தார்வாரில் 40ஐத் தாண்டிச் சில இடங்களில் 50வரை. தெற்கே, குப்பத்திலிருந்து பழனிவரை போட்ட கோட்டில் 40ஐக் கொஞ்சம் தாண்டி. இலங்கையில் 30 முதல் 40, நடு மலைநாட்டின் அடியில் தடிமன் அதிகம்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஆழம் அல்ல, மேலே கிடக்கும் கல். பல்லாவரம், பரங்கிமலையில் உடைக்கும் அந்தக் கருநீலக் கல் சார்னோகைட். பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், மேலோட்டின் வெகு ஆழத்தில் உருவாகும் கல் அது. அதற்கு மேலே இருந்த பாறை அத்தனையும் அரித்துப் போனதால்தான் இன்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கிடக்கிறது. அவ்வளவு போன பிறகும் அடியில் இன்னும் 40 கி.மீ. மேலோடு மிச்சம் இருக்கிறது. அப்படியானால் முன்பு எவ்வளவு இருந்திருக்கும், மோஹோ அப்போதும் இதே மோஹோதானா, இல்லை பிறகு புதிதாகச் சமைந்ததா என்று சண்டை போட இடம் இருக்கிறது, போடுகிறார்கள்.

இமயமலைக்கு அடியில மட்டும் ஏன் அவ்வளவு தடிமன்?

திபெத்துக்கு அடியில் 70 கி.மீ.யைத் தாண்டுகிறது. கங்கைச் சமவெளியில் 40 பக்கம் இருக்கும் மோஹோ வடக்கே போகப் போகச் சரிந்து இறங்குவதை நிலையங்களை வரிசையாக வைத்துப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். மலை தண்ணீரில் மிதக்கும் கட்டை போல, மேலே நீட்டிக்கொண்டிருப்பதற்குத் தக்கபடி அடியிலும் வேர் இருக்கவேண்டும் என்பது பழைய கருத்து.

அந்தக் கருத்துக்கு நம் பக்கத்தோடு ஒரு தொடர்பு இருக்கிறது. 1802இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை பல பத்தாண்டு கழித்து இமயமலை அடிவாரத்தை எட்டியபோது, கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே நிலத்தில் அளந்த கணக்கும் நட்சத்திரம் பார்த்துப் போட்ட கணக்கும் 5.24 வில்நொடி (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்நொடி) உதைத்தன. மலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியார் பிராட் கணக்குப் போட்டால், இழுப்பு 15 வில்நொடிக்கு மேல் இருந்திருக்கவேண்டும் என்று வந்தது. மலை தன் எடைக்கு ஏற்ற மாதிரி இழுக்கவில்லை. அதற்கு ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1855இல் சொன்ன விளக்கம்தான் அடியில் லேசான வேர் என்பது. மோஹோவைக் கண்டுபிடிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதன் நிழல் தூக்குக்குண்டில் விழுந்துவிட்டது.

அப்போ மலைன்னா வேர் கண்டிப்பா உண்டு, சரிதானே?

பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும், ஆனால் முழு உண்மை இல்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா தொடரில் 4,400 மீட்டர் உயர விட்னி சிகரம் இருக்கிறது. 1990களில் அலை அனுப்பிப் பார்த்தபோது, அதன் அடியில் மோஹோ 35 கி.மீ. பக்கம்தான் இருந்தது. எதிர்பார்த்த வேர் இல்லை. கனத்த அடிப்பகுதி கழன்று மேன்டிலுக்குள் சொட்டி விழுந்திருக்கிறது, இப்போது மலையைத் தாங்குவது கீழே உள்ள சூடான, லேசான மேன்டில் என்று விளக்குகிறார்கள். அதற்கு நேர்மாறாக உரால் மலை. உயரம் பெரிதாக இல்லை, வயதோ பல கோடி வருடம், ஆனால் அடியில் வேர் இன்னும் இருக்கிறது.

பேப்பர்ல '38.4 கி.மீ.'ன்னு போடுறாங்க. அந்த புள்ளி நாலை நம்பலாமா?

நம்பாதீர்கள். அளந்தது நொடி, கிலோமீட்டர் அல்ல. நொடியைக் கிலோமீட்டராக்க வேகம் வேண்டும், அந்த வேகம் பாதி ஊகம். ரிசீவர் ஃபங்ஷனில் பி வேகத்துக்கும் எஸ் வேகத்துக்கும் உள்ள விகிதம்தான் குடைச்சல். வழக்கமாக 1.73 என்று வைப்போம். அதில் 0.1 பிசகினால் ஆழம் ஏறக்குறைய 4 கி.மீ. பிசகும். இதைச் சமாளிக்க, மோஹோவுக்கும் தரைக்கும் நடுவில் ஒருமுறை துள்ளி வரும் பிந்திய அலைகளையும் சேர்த்து ஆழம், விகிதம் இரண்டையும் ஒன்றாகத் தேடும் வழியை ஷூ, கனமோரி என்ற நிலநடுக்க ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் கொடுத்தார்கள். ஆனாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆட்டம் இருக்கும். அடியில் தடித்த வண்டல் இருந்தால் அதற்குள் துள்ளும் அலைகள் மோஹோவின் அலைமேல் ஏறிக் குழப்பும், டெல்டாவில் இது பெரிய தொல்லை.

மனிதப் பிழை தனி. ஒரு நிலையத்தில் நான் திசைகாட்டியை வைத்து வடக்கு பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே சிமென்டுக்குள் இரும்புக் கம்பி இருந்திருக்கிறது. கருவி பத்து டிகிரி திரும்பி உட்கார்ந்துவிட்டது. எட்டு மாதப் பதிவில், வரவே கூடாத திசையில் அலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, நாங்களும் கீழே பாறை சாய்ந்திருக்கிறது என்று ஒரு அழகான கதை கட்டத் தொடங்கியிருந்தோம். கோணத்தைத் திருத்தியதும் சாய்வு மாயமாகிவிட்டது.

எவ்வளவு சின்ன விஷயம் அந்தப் படத்துல தெரியும்?

அலைநீளத்தைப் பொறுத்தது. எதிரொலி முறையில் நொடிக்கு 20 அதிர்வு, வேகம் 6.4 கி.மீ. என்றால் அலைநீளம் 320 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 80 மீட்டர் தடிமனுள்ள அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை. 36 கி.மீ. ஆழத்தில் ஒரே புள்ளியிலிருந்து வந்தது போலத் தெரியும் எதிரொலி உண்மையில் 2.4 கி.மீ. ஆரமுள்ள வட்டத்திலிருந்து வருகிறது. ரிசீவர் ஃபங்ஷனில் நொடிக்கு ஒரு அதிர்வு என்று வேலை செய்வதால் எஸ் அலைநீளமே 3.7 கி.மீ. அதில் 80 மீட்டர் பற்றிப் பேசுபவர் கதை விடுகிறார்.

அப்போ மோஹோ ஒரு கோடா, பட்டையா?

மேலே உள்ள பதிலோடு சேர்த்துப் படியுங்கள். நீள அலைக்கு அது கோடு, குட்டை அலைக்குப் பட்டை. பிரிட்டனைச் சுற்றிய கடலில் எடுத்த எதிரொலிப் படங்களில் மேலோட்டின் கீழ்ப் பாதி முழுக்கப் பாய் பின்னிய மாதிரி குட்டிக் குட்டிக் கோடுகள். அவை சட்டென்று நின்றுபோகும் இடத்தைத்தான் மோஹோ என்று குறிக்கிறார்கள். சில இடங்களில் பளிச்சென்று ஒரே கோடு வரும். சில இடங்களில் ஒன்றுமே வராது, அங்கே வேகம் படிப்படியாகக் கூடுகிறது, எதிரொலிக்க முகப்பு, அதாவது வேகம் சட்டென்று மாறும் பரப்பு, இல்லை. எதிரொலி வரவில்லை என்பதால் மோஹோ இல்லை என்று அர்த்தமில்லை.

ரெண்டு முறையும் ரெண்டு விடை சொன்னா எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை. முதல் பதிலில் சொன்ன வரையறைதான் இங்கே வந்து மோதுகிறது. எதிரொலி முறை, முகப்பு எங்கே என்கிறது. கிடையாக ஓடும் அலை, வேகம் எங்கே 8ஐத் தொடுகிறது என்கிறது. பாறைக்காரர்கள் கேட்பதோ மேன்டில் பாறையான பெரிடோடைட் எங்கே தொடங்குகிறது என்பதை.

இவை பிரிந்துபோகும் இடங்கள் உண்டு. கடலடியில் பெரிடோடைட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் அது செர்பென்டைன் என்ற கனிமமாக மாறி வேகம் குறையும். பாறைக் கணக்கில் மேன்டில், அலைக் கணக்கில் மேலோடு. ஆழத்தில் இதற்கு எதிர்ப்பதம். மேலோட்டின் அடியில் உள்ள கேப்ரோ வகைப் பாறை மிகுந்த அழுத்தத்தில் கார்னெட் என்ற கனிமம் நிறைந்த, எக்லோஜைட் என்ற கனத்த பாறையாக மாறினால் வேகம் 8ஐத் தொட்டுவிடும். அது மேலோட்டுப் பாறைதான், ஆனால் அலைக்கு மேன்டில் போலத் தெரியும். திபெத்துக்கு அடியில் நுழைந்த இந்தியத் தட்டின் அடிமேலோடு அப்படி ஒளிந்திருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆகவே யாராவது மோஹோ ஆழம் சொன்னால், எந்த மோஹோ என்று கேளுங்கள். கேட்டவுடன் எதிரில் இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

கண்ணால பாக்க வழியே இல்லையா?

இருக்கிறது, ஓமனில். சுமார் 9.5 கோடி வருடம் முன்பு உருவான கடல் மேலோடும் அதன் அடி மேன்டிலும் சேர்ந்து தரைமேல் தள்ளப்பட்டு மலையாக நிற்கின்றன. மேலே வரிவரியான கேப்ரோ, கீழே துருப்பிடித்த பழுப்பில் மேன்டில் பாறை. ஒரு காலை மேலோட்டிலும் ஒரு காலை மேன்டிலிலும் வைத்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அருகில் போனால் எல்லை பல இடங்களில் கோடாக இல்லை, இரண்டும் கலந்து கிடக்கும் ஒரு மண்டலம், சில மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர்வரை. அலையில் பார்த்தால் அது ஒரே கோடாகத்தான் வந்திருக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சு யாருக்கு என்ன லாபம்?

நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் வந்தது என்று சொல்லும் ஒவ்வொரு கணக்கிலும் மேலோட்டின் தடிமனும் வேகமும் உட்கார்ந்திருக்கின்றன. அவை தப்பினால் இடம் தப்பும். தங்கம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு, கிடைக்காது.

நான் வீட்ல கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாக்கலாமா?

தாராளமாக. உலக நிலையங்கள் பலவற்றின் பதிவு இலவசம். ஆப்ஸ்பை என்ற பைதான் தொகுப்பு இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். இலங்கையின் பல்லேகெலேயில் உள்ள நிலையத்தில் தொடங்கச் சொல்வேன், அதன் குறி பி-ஏ-எல்-கே. 3,000 முதல் 10,000 கி.மீ. தூரத்தில், அளவு 5.5க்கு மேற்பட்ட நிலநடுக்கங்களாக ஐம்பது பொறுக்கிக்கொள்ளுங்கள். முதலில் போடும் ரிசீவர் ஃபங்ஷன் கோழி கிளறிய மாதிரி இருக்கும், பயப்படவேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். ஐம்பதில் பாதியைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுங்கள். பி அலைக்குப் பிறகு 4 நொடிப் பக்கத்தில் ஒரு மேடு எழும்.

அந்த மேடு 2 நொடியில் வந்தால் அவசரப்பட்டு எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள், பதிவை வடிகட்டிய எண்ணை முதலில் சரிபாருங்கள்.